வீட்டுக்குள் ஃபைல் பகிர எந்த வழி? டெல்டா வீடுகளுக்கு ஒரு ஒப்பீடு

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் இருந்தவரை இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. இப்போது வாசல் அறையில் கணக்கு எழுத ஒரு டெஸ்க்டாப், மாடியில் பிள்ளைகளின் லேப்டாப், கூடத்தில் டிவி, ஆளுக்கொரு போன் என்று ஆகிவிட்டது. நிலத்தின் சிட்டாவும் பத்திர நகலும் டெஸ்க்டாப்பில் இருக்கும். கல்யாண வீடியோ லேப்டாப்பில் இருக்கும். 2016 மகாமகத்தில் எடுத்த போட்டோக்கள் பீரோவில் கிடக்கும் ஒரு ஹார்டு டிஸ்கில் இருக்கும். ஏதாவது ஒன்று வேண்டுமென்றால் இங்கிருந்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பி அங்கே இறக்கிக்கொள்கிறோம். அடுத்த அறையில் இருக்கும் ஃபைல் இணையத்தைச் சுற்றிவிட்டு வந்து சேர்கிறது. போட்டோவாக இருந்தால் தரமும் குறைந்துபோகிறது.

கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் நெட்வொர்க் போட்டுக்கொடுப்பது என் தொழில். "எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சு எல்லாரும் பார்க்கிற மாதிரி பண்ணிக் கொடுங்க" என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். அதற்கு வழிகள் பல. விண்டோஸிலேயே இருக்கும் ஃபோல்டர் ஷேரிங் இருக்கிறது. ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் ஒரு டிஸ்க்கைச் செருகலாம். பழைய லேப்டாப் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கலாம். நெட்வொர்க்கில் நேராக இணைத்து எல்லாரும் ஃபைல் வைக்கும் டிஸ்க் பெட்டியான நாஸ் வாங்கலாம். கூகுள் டிரைவ் போன்ற கிளவுடில் ஏற்றலாம். ஆப் வழியாக நேராக அனுப்பலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான வீடுகள் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை, விண்டோஸ் ஷேரிங்கை ஒழுங்காகப் போட்டாலே போதும். அது சரியாக வேலை செய்யாது என்று ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் வந்ததற்குக் காரணங்கள் உண்டு, அவை தெரிந்தால் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. அதனால் அதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

விண்டோஸ் ஷேரிங்

விண்டோஸில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால் மற்ற கம்ப்யூட்டர்கள் அதை எஸ்எம்பி என்ற நெறிமுறை வழியாகத் திறக்கின்றன. 1980-களில் ஐபிஎம்மில் பிறந்தது இது. மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் இதைத் திறக்க வழி இருக்கிறது. இன்று இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் நாளைக்கு எந்தக் கருவி வாங்கினாலும் ஒத்துப்போகும் என்பது இதன் முதல் பலம்.

இதில் இரண்டு தனித்தனி வேலைகள் உண்டு. அந்தக் கம்ப்யூட்டர் நெட்வொர்க் பட்டியலில் கண்ணில் படுவது ஒன்று. அதன் ஃபோல்டர் திறப்பது இன்னொன்று. கண்ணில் படாமலேயே திறக்க முடியும், கண்ணில் பட்டும் திறக்காமல் போகலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எதையெதையோ மாற்றிக்கொண்டிருந்தால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

பழைய விண்டோஸில் அந்தப் பட்டியல் தானாக நிரம்பும். அதற்குத் துணையாக இருந்தது எஸ்எம்பியின் முதல் பதிப்பு. 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னாக்ரை அந்த முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும் கம்ப்யூட்டர்களில் அது சேர்க்கப்படுவதில்லை. வீட்டுக் கம்ப்யூட்டர்களை ஒரே குழுவாகச் சேர்த்துப் பகிர உதவிய ஹோம்குரூப் வசதியையும் 2018-இல் மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. "முன்னாடியெல்லாம் தானா தெரியும் சார், இப்ப வர்றதில்ல" என்று பலரும் சொல்வதன் பின்னணி இதுதான். முதல் பதிப்பைத் திரும்ப ஆன் செய்யச் சொல்லும் வீடியோக்கள் இன்னும் சுற்றுகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கணக்கும் பத்திரமும் இருக்கும் கம்ப்யூட்டரில் தெரிந்தே ஒரு ஓட்டையைத் திறந்துவிடும் காரியம் அது.

இப்போது பட்டியலில் தெரியவைப்பது வேறு ஏற்பாடு. முதலில், இரண்டு கம்ப்யூட்டரிலும் வைஃபை அமைப்புக்குள் போய் நெட்வொர்க் வகை பிரைவேட் என்று இருக்கிறதா பாருங்கள். பப்ளிக் என்று இருந்தால், டீக்கடை வைஃபையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு விண்டோஸ் தன்னை மறைத்துக்கொள்ளும். விண்டோஸ் 11 புதிய வைஃபையை பப்ளிக் என்றே எடுத்துக்கொள்வதால் பெரும்பாலும் சிக்கல் இங்கேயே முடிந்துவிடும். அடுத்தது, அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் பிரைவேட் என்ற பிரிவின் கீழ் நெட்வொர்க் டிஸ்கவரியும் ஃபைல் ஷேரிங்கும் ஆன் ஆகியிருக்க வேண்டும். அப்படியும் தெரியவில்லையென்றால் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்பதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். "நான் இங்கே இருக்கிறேன்" என்று மற்ற கம்ப்யூட்டர்களுக்கு அறிவிக்கும் சேவை அது. அது ஓடாவிட்டால் பட்டியலில் பெயர் வராது.

இவ்வளவும் சரியாக இருந்தும் தெரியாத வீடுகள் உண்டு. அங்கெல்லாம் நான் முதலில் எண்ணுவது ரவுட்டர்களை. ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டி வாசலில் இருக்கும். அதிலிருந்து சிக்னல் உள்ளே வரவில்லை என்று கடையில் வாங்கிய இன்னொரு ரவுட்டர் கூடத்தில் இருக்கும். அந்த இரண்டாவது ரவுட்டர் தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உண்டாக்கிவிடுகிறது. வாசல் கம்ப்யூட்டரின் ஐபி, அதாவது நெட்வொர்க்கில் அதன் எண் முகவரி, 192.168.1 என்று தொடங்கும், மாடி லேப்டாப்பின் ஐபி 192.168.0 என்று தொடங்கும். இரண்டுக்கும் இணையம் வரும், ஒன்றையொன்று பட்டியலில் பார்க்காது. இரண்டாவது ரவுட்டரை, தனி நெட்வொர்க் உண்டாக்காமல் வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். அந்த முறை இல்லாத பழைய ரவுட்டரில், கருவிகளுக்கு ஐபி ஒதுக்கும் டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, அதன் ஐபியை முதல் ரவுட்டரோடு மோதாத ஒன்றாக மாற்றி, வயரை இணையம் நுழையும் வான் துளையிலிருந்து எடுத்து, வீட்டுக் கருவிகளுக்கான லான் துளையில் செருகினால் அதே பலன். கெஸ்ட் வைஃபையில் இணைந்திருக்கும் கருவிக்கும் இதே கதிதான். கெஸ்ட் வைஃபை மற்றவற்றைப் பார்க்க விடாது, அதற்காகவே அது இருக்கிறது.

எப்படி இருந்தாலும், நான் அந்தப் பட்டியலை நம்பி எந்த வீட்டையும் விட்டு வருவதில்லை. ரவுட்டர் அமைப்பில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரே ஐபி எப்போதும் கிடைக்கும்படி ஒதுக்கிவிடுவேன், 192.168.1.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற கம்ப்யூட்டரில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.50 என்று அடித்தால் பகிர்ந்த ஃபோல்டர்கள் வந்து நிற்கும். அதில் வேண்டியதை வலது கிளிக் செய்து 'மேப் நெட்வொர்க் டிரைவ்' கொடுத்தால் சி, டி டிரைவ்களுக்குப் பக்கத்தில் இசட் என்று ஒரு டிரைவாக உட்கார்ந்துவிடும். வீட்டில் உள்ளவர்களுக்கு நெட்வொர்க் என்ற சொல்லே தெரிய வேண்டாம். "இசட்ல இருக்கு" என்று சொன்னால் போதும்.

அடுத்தது திறக்கும் பகுதி. யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்டு ஒரு பெட்டி வரும். காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கும் நாலு இலக்கப் பின்னை அங்கே அடிப்பார்கள், தவறு என்று வரும். பின் என்பது அந்த ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் செல்லும், நெட்வொர்க் வழியாக வருபவர் அந்தக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக உள்ளே நுழையும் கம்ப்யூட்டரில் அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு. அப்பாவின் அந்தப் பாஸ்வேர்டைப் பிள்ளைகளின் லேப்டாப்பிலெல்லாம் அடித்துவைப்பது சரியில்லை. ஆகவே ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் சாதாரணமான ஒரு லோக்கல் யூசரைப் பகிர்வதற்கென்றே உருவாக்குங்கள். அதற்கு நல்ல பாஸ்வேர்டு ஒன்று வைத்து, எல்லாக் கருவியிலும் அதையே கொடுத்து, நினைவில் வைத்துக்கொள் என்பதை டிக் செய்யுங்கள்.

பாஸ்வேர்டே இல்லாமல் எல்லாருக்கும் திறந்துவிடலாமே என்று கேட்பார்கள். விண்டோஸ் 11 ப்ரோவின் 24ஹெச்2 பதிப்பு அப்படிப்பட்ட விருந்தாளி அனுமதியை ஏற்பதே இல்லை. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு செய்தி வரும், பார்த்தவர்கள் குழம்பிப்போவார்கள். அதைச் சுற்றிப்போக வழி தேடுவதைவிட ஒரு யூசரும் பாஸ்வேர்டும் வைப்பது சுலபம், பத்திரமும் கூட.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் அனுமதி இல்லை என்று வந்தால், ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங், செக்யூரிட்டி என்ற இரண்டு பக்கங்களையும் பாருங்கள். ஷேரிங் வாசல் கதவு என்றால் செக்யூரிட்டி உள்ளே இருக்கும் பீரோ. இரண்டிலும் அந்த யூசருக்கு இடம் இருந்தால்தான் ஃபைல் திறக்கும். படிக்க மட்டும் விடுவதா, மாற்றவும் விடுவதா என்பதும் இங்கேதான் முடிவாகிறது. பத்திரம், சிட்டா, பழைய போட்டோ இருக்கும் ஃபோல்டருக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். நெட்வொர்க் வழியாக அழித்த ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. அழித்தது அழித்ததுதான்.

போனில் பார்க்க ஆண்ட்ராய்டில் சிஎக்ஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் போன்ற ஆப் ஒன்று வேண்டும். ஐபோனில் ஃபைல்ஸ் ஆப்பிலேயே 'கனெக்ட் டு சர்வர்' இருக்கிறது. வீடியோ மட்டும் என்றால் விஎல்சி போதும். ஆண்ட்ராய்டு டிவியிலும் விஎல்சியைப் போட்டுவிட்டால் கல்யாண வீடியோவை எதற்கும் மாற்றாமல் அப்படியே ஓட்டலாம்.

இந்த வழியின் உண்மையான குறை ஒன்றுதான்: ஃபைல் இருக்கும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது ஸ்லீப்புக்குப் போனால் இசட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி விழும். பகலெல்லாம் ஓடும் கணக்குக் கம்ப்யூட்டராக இருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை, ஸ்லீப்பை மட்டும் அணைத்துவிடுங்கள். இதற்கென்றே இரவும் பகலும் ஓட்டுவதாக இருந்தால் கணக்குப் பார்க்க வேண்டும். சும்மா இருக்கும் டெஸ்க்டாப் 50 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டு மாத மின் கணக்கில் 72 யூனிட் வரும். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் முக்கால்வாசி இதற்கே போய்விடும்.

ரவுட்டரில் செருகும் டிஸ்க்

ரவுட்டர் எப்போதும் ஓடுகிறது, இன்வெர்ட்டர் லைனில் வேறு இருக்கிறது. அதன் பின்னால் யூஎஸ்பி துளையும் இருக்கிறது. ஒரு ஹார்டு டிஸ்கைச் செருகினால் வேலை முடிந்தது என்று தோன்றும். நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. விலை குறைந்த பல ரவுட்டர்கள் எஸ்எம்பியின் அந்தப் பழைய முதல் பதிப்பை மட்டுமே பேசும், அல்லது பாஸ்வேர்டு இல்லாமல் திறந்துவிடும். இரண்டையுமே இன்றைய விண்டோஸ் தடுக்கிறது. பழைய லேப்டாப்பில் தெரிந்த டிஸ்க் புதிய லேப்டாப்பில் தெரியாமல் போவது இதனால்தான். வேகமும் குறைவு. டிஸ்கை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்திருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு ஃபைலைக்கூட வைக்க முடியாது, கல்யாண வீடியோ சுலபமாக அதைத் தாண்டும். மின்சாரம் திடீரென்று போகும்போது எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெடவும் வாய்ப்பு உண்டு. டிவியில் படம் பார்க்க மட்டும் என்றால் சரி, வேறு பிரதி உள்ளவற்றை அதில் வையுங்கள். மற்றபடி வேண்டாம்.

பழைய லேப்டாப்

2011-இலிருந்து அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினி நம் பக்கத்தில் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. இன்றைய விண்டோஸை அது தாங்காது. ஆனால் ஃபைல் பகிர்வதற்கு மட்டும் அது தாராளம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் போட்டு, எஸ்எம்பி முறையில் ஃபைல் பகிரும் சாம்பா என்ற மென்பொருளை நிறுவி, ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்தால் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் அதை இன்னொரு விண்டோஸ் போலவே பார்க்கும். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991-இன் கடைசியில் எழுதத் தொடங்கியது சாம்பா. கடைகளில் விற்கும் நாஸ் பெட்டிகள் பலவற்றுக்குள் ஓடுவதும் அதுதான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சாம்பாவுக்கு லினக்ஸ் பாஸ்வேர்டு போதாது, தனியாக ஒரு பாஸ்வேர்டு பதிய வேண்டும். அதைச் செய்யாமல் "பாஸ்வேர்டு கரெக்டாதான் அடிக்கிறேன்" என்று பலர் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

திரையை மூடிவைத்த லேப்டாப் 15 வாட் அளவுக்கு எடுத்தால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 22 யூனிட்தான். மூடினாலும் தூங்காதபடி அமைப்பில் மாற்றிவிட வேண்டும். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால் கரண்ட் போகும்போது அதுவே தாங்கிக்கொள்ளும். ஆனால் பழைய பேட்டரி உப்பியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உப்பியிருந்தால் கழற்றிவிடுங்கள், வருடக்கணக்கில் சார்ஜிலேயே விட்டுவைப்பது ஆபத்து. உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்கும் பத்து வருடப் பழசு. அதை நம்பாமல் புதிய எஸ்எஸ்டி ஒன்றையோ வெளியே செருகும் டிஸ்க்கையோ போட்டுக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் கை பழகிய ஒருவர் வீட்டில் இருந்தால், பணத்துக்கு மிக அதிகப் பலன் தரும் வழி இதுதான் என்பேன். பாலிடெக்னிக்கோ இன்ஜினியரிங்கோ படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் அவர்களிடமே விட்டுவிடுங்கள். அப்படி யாரும் இல்லாத வீட்டில் வேண்டாம். ஒரு நாள் நின்றுபோனால் ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும்.

நாஸ் பெட்டி

சினாலஜி, க்யூநாப் போன்றவற்றின் இரண்டு டிஸ்க் பெட்டி பார்க்க அடக்கமாக இருக்கும், வேலையும் நன்றாகச் செய்யும். ஒவ்வொருவருக்கும் தனி இடம், போன் போட்டோவைத் தானாக இழுத்துக்கொள்ளும் ஆப் எல்லாம் உண்டு. அழித்ததை மீட்க முடிகிற வசதியும் இருக்கும். 4 டிபி டிஸ்க் இரண்டு போட்டு ரெய்டு 1 வைத்தால் ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் எழுதப்படும், கைக்குக் கிடைக்கும் இடம் 4 டிபிதான். ஒரு டிஸ்க் செத்தாலும் ஃபைல் நிற்கும். இதை பேக்கப் என்று பலர் நினைக்கிறார்கள். ஒருவர் தவறுதலாக ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். இடி விழுந்து பெட்டி கருகினால் இரண்டும் போகும்.

பெட்டியும் டிஸ்குகளும் சேர்ந்தால் ஒரு லேப்டாப் விலையை நெருங்கிவிடும். போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள், வீட்டிலேயே வீடியோ எடிட் செய்பவர்கள், இரண்டு மூன்று பேர் ஒரே கணக்கு ஃபைல்களில் வேலை பார்க்கும் ஆடிட்டர் வீடு, இவர்களுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். கல்யாணப் போட்டோவும் சிட்டா நகலும் வைக்க மட்டும் இது தேவையில்லை. வாங்கினால் இன்வெர்ட்டர் லைனில் இணைத்து, இன்வெர்ட்டர் பின்னால் இருக்கும் சுவிட்சை யூபிஎஸ் முறைக்கு மாற்றிவிடுங்கள். சாதாரண முறையில் மின்சாரம் மாறும் அந்த ஒரு கணத்திலேயே பெட்டி அணைந்து எழலாம்.

கிளவுட்

வீட்டுக்குள் பகிர்வதற்கு கிளவுட் சுற்றுவழி. வீட்டுக்கு வெளியே வேண்டியதற்கு அதுதான் நேர்வழி. கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோகும் நாளில் சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல் கேட்பார்கள். களத்தில் நிற்கும்போது வீட்டு இசட் டிரைவ் உதவாது. அந்த நாலைந்து தாள்கள் கூகுள் டிரைவில் இருந்தால் போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் படிக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான்.

எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமா என்றால், கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது. போட்டோவுக்கு இருந்த அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-லிருந்து நின்றுவிட்டது. ஏற்றும் நேரமும் இருக்கிறது. 30 எம்பிபிஎஸ் அப்லோடு முழுசாகக் கிடைத்தாலும் 500 ஜிபி ஏற ஒன்றரை நாளுக்கு மேல் இடைவிடாமல் ஓட வேண்டும். மழை நாளில் ஃபைபர் அறுந்தால் அதுவும் நிற்கும். ஆகவே தாள்களுக்கு கிளவுட், வீடியோவுக்கு வேண்டாம் என்பது என் கணக்கு.

வெளியூரிலிருந்து வீட்டு ஃபோல்டரையே திறக்க வேண்டும் என்பவர்கள் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டு, எஸ்எம்பி பயன்படுத்தும் வாசலான 445 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. வான்னாக்ரை தேடி அலைந்ததே அந்த போர்ட்டைத்தான். டெயில்ஸ்கேல் போன்ற தனி நெட்வொர்க் ஆப்பை இரண்டு பக்கமும் போட்டால் ரவுட்டரில் எதையும் திறக்காமலேயே வேலை நடக்கும். சொந்த உபயோகத்துக்கு அது இலவசம்.

நேராக அனுப்புவதும் பென்டிரைவும்

எப்போதாவது ஒரு ஃபைல் என்றால் இத்தனை ஏற்பாடும் வேண்டாம். லோக்கல்சென்ட் என்ற ஆப் விண்டோஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும், இலவசம், இணையம் இல்லாமல் வீட்டு வைஃபையிலேயே அனுப்பும், தரமும் குறையாது. வாட்ஸ்ஆப்பில் சுற்றவிடும் பழக்கத்தை நிறுத்த இது ஒன்றே போதும். பெரிய போட்டோ ஃபோல்டர் முழுவதையும் ஒரே தடவை மாற்ற வேண்டுமென்றால் வெளி டிஸ்கில் ஏற்றிக் கொண்டுபோவதுதான் இன்றைக்கும் வேகம். ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென்டிரைவை மட்டும் ஸ்கேன் செய்யாமல் வீட்டுக் கம்ப்யூட்டரில் திறக்காதீர்கள். ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறும் வைரஸ் அங்கிருந்துதான் வந்துகொண்டே இருக்கிறது.

சுவரும் வயரும்

எந்த வழியை எடுத்தாலும், நம் பழைய வீடுகளின் அமைப்பு அதில் கை வைக்கும். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என்று தெருவிலிருந்து பின்னால் நீண்டுபோகும் வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய கனத்த சுவர்கள். வாசலில் இருக்கும் ரவுட்டரின் 5 ஜிகாஹெர்ட்ஸ் சிக்னல் இரண்டாவது சுவரிலேயே தளர்ந்துவிடும், 2.4 கொல்லை வரைக்கும் எட்டும், ஆனால் ஃபைல் நகர்வது ஆமை வேகம். இங்கே ரிப்பீட்டர் வாங்குவதைவிட வாசலிலிருந்து கூடத்துக்கு ஒரு கேட்6 நெட்வொர்க் வயர் இழுத்து, அங்கே ஆக்சஸ் பாயின்ட் வைப்பது எவ்வளவோ மேல். கதவுக்கு மேல் இருக்கும் ஜன்னல் வழியாகவே வயரை எடுத்துவிடலாம், பழைய சுவரைத் துளைக்க வேண்டாம். முற்றத்தைக் கடக்கும் இடத்தில் மட்டும் வெயில் மழை தாங்கும் வெளிப்புற வயர் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் திறந்தவெளியில் போகும் செம்பு வயர் மின்னல் அதிர்ச்சியை வாங்கி இரண்டு பக்கக் கருவியையும் எரித்துவிடும். இடிக்கும்போது பவரோடு அந்த வயரையும் பிடுங்கிவிட வேண்டும்.

ரவுட்டரின் துளைகள் 100 எம்பிபிஎஸ்தானா, ஜிகாபிட்டா என்பதையும் கவனியுங்கள். 100 என்றால் நொடிக்கு 11 எம்பி அளவுதான் போகும், 50 ஜிபி கல்யாண வீடியோ நகர ஒன்றேகால் மணி நேரம். ஜிகாபிட்டில், டிஸ்க் ஈடுகொடுத்தால், பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். நாஸ் வாங்கக் கேட்கும் வீட்டில் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன். 100 எம்பிபிஎஸ் ரவுட்டரின் கீழ் எந்த நாஸ் வைத்தாலும் வேகம் அவ்வளவுதான்.

எந்த வீட்டுக்கு எது

உரக்கடையோ மளிகையோ வைத்து, பகலெல்லாம் ஒரு கம்ப்யூட்டர் ஓடும் வீடு என்றால் விண்டோஸ் ஷேரிங். அந்தக் கம்ப்யூட்டரில் 'வீடு' என்று ஒரு ஃபோல்டரை மட்டும் பகிருங்கள். கடைக் கணக்கு இருக்கும் டிரைவ் முழுவதையும் பகிர வேண்டாம், கணக்கு மென்பொருளின் ஃபோல்டரில் பிள்ளைகள் கை வைக்க வழி இருக்கக் கூடாது. விண்டோஸ் 10-லேயே ஓடுகிறது என்றால் அதற்கு மைக்ரோசாஃப்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 11-க்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிட்டு ஷேர் போடுங்கள்.

லேப்டாப்புகள் மட்டும், அவையும் பாதி நேரம் மூடியே கிடக்கும் வீடு என்றால், லினக்ஸ் தெரிந்த ஆள் இருந்தால் பரணில் இருக்கும் லேப்டாப். இல்லையென்றால் ஷேர் எதுவுமே வேண்டாம், லோக்கல்சென்டும் ஒரு வெளி டிஸ்கும் போதும். பிள்ளைகள் வெளியூரில், பெரியவர்கள் இருவர் மட்டும் வீட்டில் என்றால் கிளவுட் ஒன்றே சரி. பிள்ளைகளால் அங்கிருந்தே பார்த்துக்கொள்ள முடிவது அது ஒன்றுதான். ஃபைலே தொழிலாக இருப்பவர்களுக்கு நாஸ்.

இவை எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று இருக்கிறது, அதை எந்த வீட்டிலும் நான் சொல்லாமல் வருவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. கூரையும் ஓடும் போன வீடுகளில் நனைந்த கம்ப்யூட்டரோடு அதில் இருந்த எல்லாமும் போயின. வீட்டுக்குள் எத்தனை இடத்தில் பிரதி இருந்தாலும் ஒரே வெள்ளத்துக்கு, ஒரே மின்னலுக்கு அவை எல்லாம் ஒன்றுதான். ஆகவே திரும்பக் கிடைக்காத போட்டோவும் வீடியோவும் ஒரு வெளி டிஸ்கில் ஏற்றப்பட்டு வேறு ஊரில், திருச்சியிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் அக்கா வீட்டில், மாமா வீட்டில் இருக்க வேண்டும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போக வர இருக்கும்போது அதை வாங்கிவந்து புதியவற்றைச் சேர்த்துத் திரும்பக் கொடுத்துவிடலாம்.

அந்த டிஸ்கில் பத்திர நகலும் இருக்குமானால் பூட்டிக் கொடுங்கள். விண்டோஸ் ப்ரோவில் பிட்லாக்கர் இருக்கிறது. ஹோம் பதிப்பில் அதைப் போட முடியாது, அங்கே இலவசமான வெராகிரிப்ட் உதவும். இரண்டிலும் பாஸ்வேர்டு முக்கியம். பிட்லாக்கர் ஒரு மீட்புக் குறியீடு தரும், அதை அச்செடுத்துப் பத்திரத்தோடு வையுங்கள். வெராகிரிப்டில் அதுவும் கிடையாது, மறந்தால் திறக்க வழியே இல்லை. வீட்டில் இன்னொருவருக்கும் அந்தப் பாஸ்வேர்டைச் சொல்லிவையுங்கள்.